அம்மாவுக்கு அந்த மாத்திரை ஏன் வேண்டும்: தைராய்டு செல்லும் வளர்ச்சிக் காரணிகளும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 46. கழுத்தில் கட்டி வந்து, ஊசிச் சோதனை செய்து, பிறகு அறுவைச் சிகிச்சையில் தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பாப்பிலரி வகைப் புற்றுநோய் என்றும், பி-ராஃப் வி600இ என்ற மரபணுப் பிறழ்வு இருக்கிறது என்றும், வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை என்றும் அறிக்கை சொல்கிறது. கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன்னால் நான்கு வாரம் தைராக்சின் மாத்திரையை நிறுத்தச் சொன்ன அதே மருத்துவர், இப்போது ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடச் சொல்கிறார். பேச்சுவாக்கில் அவர் சொன்ன 'வளர்ச்சிக் காரணி' என்ற சொல் வீட்டில் பெரிய பயத்தைக் கிளப்பிவிட்டது. கறிக்கோழி, பால், முட்டை எல்லாம் நின்றுவிட்டன. மாத்திரையும் ஹார்மோன்தானே, மிச்சமிருக்கும் நோயை அது வளர்த்துவிடாதா என்று அஞ்சி அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார். வளர்ச்சிக் காரணி என்றால் என்ன, அதை எப்படி நிறுத்துவது என்று கேட்கிறீர்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா நாளைக் காலையிலிருந்து மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை நோயை வளர்ப்பதில்லை. தைராய்டு செல்லைத் தூண்டுகிற ஒன்றை நம் கையால் அடக்கிவைக்க நமக்குக் கிடைத்திருக்கும் மிக எளிய வழி அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால், எதற்குப் பயப்படுகிறாரோ அதற்கே அவர் வழி திறந்துவிடுகிறார். ஏன் என்பதை விளங்கச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தஞ்சாவூரில் நோய்க்குறியியல் மருத்துவர். ஊசியில் எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது என் அன்றாட வேலை. பாப்பிலரி புற்றுநோய்ச் செல்லின் உட்கரு வெளிறிப்போய், நடுவில் ஒரு கோடு விழுந்து, காபிக் கொட்டையைப் போலத் தெரியும். அம்மாவின் தகட்டைப் பார்த்த மருத்துவரும் அதைத்தான் பார்த்திருப்பார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் சில ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் எலியின் தைராய்டு செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்விக்கான விடையை நான் புத்தகத்தில் படித்ததைவிட அந்தச் செல்களிடம் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

தைராய்டு சுரப்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் ஓரத்திலும் ஒரே வரிசையாகச் செல்கள் நிற்கும். நடுவில் கூழ் போன்ற ஒரு பொருள். செல்கள் இரத்தத்திலிருந்து அயோடினை உறிஞ்சி, தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் ஏற்றி, அந்தக் கூழில் சேமித்துவைக்கும். வேண்டும்போது அதிலிருந்து தைராக்சினைப் பிரித்து இரத்தத்தில் விடும். பத்தாயம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருப்பது போல. இந்தச் செல்கள் மிகவும் நிதானமானவை. குடலின் உட்பூச்சுச் செல்கள் ஒரு வாரத்துக்குள் தேய்ந்து புதிதாக வந்துவிடும். வளர்ந்த மனிதரின் தைராய்டு செல்லோ ஏறக்குறைய எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பிரிகிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தால் ஐந்தாறு தடவை. அவ்வளவு அடக்கமான செல், யாரோ சொல்லாமல் பிரியாது.

அப்படிச் சொல்கிறவைதான் வளர்ச்சிக் காரணிகள். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்தியைத் தாங்கிய சிறு புரதங்கள் அவை. ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற பெண்மணி நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். அவரோடு வேலை செய்த ஸ்டான்லி கோஹென், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் போட்டபோது, அவற்றின் கண் இமைகள் வழக்கமான நாளுக்கு முன்பே திறந்துகொண்டன. மேல்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈ.ஜி.எஃப்., இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவின் கழுத்தில் தையல் போட்ட இடம் இன்று மூடி ஆறியிருக்கிறதே, அதுவும் வளர்ச்சிக் காரணிகள் செய்த வேலைதான். அவற்றை 'நிறுத்த' வேண்டும் என்று நினைப்பது தவறு. நிறுத்தினால் காயம்கூட ஆறாது.

தைராய்டுக்கு வரும் செய்திகளில் தலைமையானது டி.எஸ்.எச். மூளைக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை அனுப்புகிறது. கணக்குப்படி அது ஹார்மோன், ஆனால் தைராய்டு செல்லைப் பொறுத்தவரை வளர்ச்சிக் காரணியின் வேலையையும் செய்கிறது. அயோடினை எடு, தைராக்சின் செய் என்று வேலை வாங்குவதும் அதுதான், பிரிந்து பெருகு என்று சொல்வதும் அதுதான். உணவில் அயோடின் பல காலம் போதாமல் போனால் தைராக்சின் குறைகிறது. பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சை மேலும் மேலும் அனுப்புகிறது. செல்கள் பெருகிக் கழுத்தில் கழலையாகத் தொங்குகின்றன. இமாசலத்தின் காங்கரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியின் குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலைகள் குறைந்தன. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் அதிலிருந்துதான் பிறந்தது.

ஆனால் டி.எஸ்.எச். தனியாக நின்று எல்லாவற்றையும் சாதித்துவிடாது. கூட இன்சுலினோ, அதன் உறவுக்காரரான ஐ.ஜி.எஃப்-1 என்ற காரணியோ இருக்க வேண்டும். இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. பிட்யூட்டரியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பவர்களுக்குக் கையும் காலும் தாடையும் பெருக்கும். உடம்பில் ஐ.ஜி.எஃப்-1 நிறைந்திருக்கும். அவர்களில் மிகப் பலருக்குத் தைராய்டும் வீங்கியிருக்கும்.

ஆய்வகத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். எஃப்.ஆர்.டி.எல்-5 என்பது 1980 வாக்கில் உருவாக்கப்பட்ட எலித் தைராய்டு செல் வகை. அதை வளர்க்கும் திரவத்தில் கன்றுக்குட்டி இரத்தநீர் கொஞ்சம் சேர்ப்போம். கூடவே ஆறு பொருட்கள் போடுவோம். டி.எஸ்.எச்., இன்சுலின், ஹைட்ரோகார்ட்டிசோன், டிரான்ஸ்ஃபெரின், சோமாட்டோஸ்டாட்டின், ஒரு சிறு பெப்டைடு. ஆறும் இருந்தால் தட்டு நிறையும். டி.எஸ்.எச்.சை மட்டும் எடுத்துவிட்டு மீதி ஐந்தைப் போட்டால், செல்கள் சாகாது. ஆனால் பிரியாது. நாள்கணக்கில் அப்படியே இருக்கும். மறுபடி டி.எஸ்.எச். சேர்த்தால், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கடைமடை விவசாயி நினைவுக்கு வந்தார். நாங்கள் பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. ஜூன் 12 மேட்டூர் திறப்பு அறிவிப்பைக் காதில் கேட்காமல் குறுவைக்கு விதை நெல்லை ஊறவைக்காதவர் என் அப்பா. விதை கைவசம் இருக்கும், மாடு இருக்கும், ஏர் இருக்கும். செய்தி வரவில்லை என்றால் காத்திருப்பார்.

இதில் ஈ.ஜி.எஃப். எப்படிப்பட்டது என்று கேட்டால், நம்மூர்க்காரருக்கு யூரியாவை வைத்துச் சொல்லலாம். பயிருக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் கரும்பச்சையாகக் கிளைக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கதிரில் மணி தேறாது, கடைசியில் சாயும். ஈ.ஜி.எஃப். கொடுத்த தைராய்டு செல்களும் அப்படித்தான். வேகமாகப் பெருகும், ஆனால் அயோடின் எடுப்பதும் தைரோகுளோபுலின் செய்வதும் குறைந்துபோகும். டி.எஸ்.எச். வளர்ச்சியையும் வேலையையும் சேர்த்துத் தருகிறது, ஈ.ஜி.எஃப். வேலையைப் பறித்துக்கொண்டு வளர்ச்சியை மட்டும் தருகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதிரியக்க அயோடின் ஏன் சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்குப் பலிப்பதில்லை என்பதன் வேர் இங்கே இருக்கிறது.

தடுக்கிற காரணிகளும் உண்டு. டி.ஜி.எஃப்-பீட்டா என்ற ஒன்று, சாதாரணத் தைராய்டு செல்லைப் பிரியாதே என்று அடக்கிவைக்கிறது. அயோடின்கூடப் போதுமான அளவு உள்ளே சேர்ந்ததும் செல்லின் வளர்ச்சியைத் தணிக்கிறது. முடுக்குகிறவையும் தடுக்கிறவையும் சேர்ந்து இழுப்பதால்தான் நம் தைராய்டு பதினைந்து, இருபது கிராம் அளவிலேயே காலமெல்லாம் நிற்கிறது.

புற்றுநோயில் என்ன மாறுகிறது? வளர்ச்சிக் காரணி அதிகமாகச் சுரந்துவிட்டது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அதே நினைப்புதான். அம்மாவின் விஷயத்தில் நடந்தது அதுவல்ல. காரணிக்குக் காத்திருக்கும் பழக்கத்தை ஒரு செல் கைவிட்டுவிட்டது. குற்றம் செய்தியில் இல்லை, செய்தி வராமலே வந்ததாகச் சொல்லும் இடைத்தரகரிடம் இருக்கிறது.

ஈ.ஜி.எஃப். போன்ற ஒரு காரணி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் வந்து பொருந்துகிறது. ஏற்பி விழித்துக்கொண்டு உள்ளே ராஸ் என்ற புரதத்தைத் தட்டுகிறது. ராஸ் ராஃபை எழுப்புகிறது, ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் உட்கருவுக்குள் போய், பிரிவதற்கான மரபணுக்களை இயக்குகிறது. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்குச் சொல்லி, கல்லணையில் பிரித்தால் கீழே உள்ள ரெகுலேட்டர்களுக்குச் சொல்லி, கடைசியில் வாய்க்கால் மதகில் நிற்கும் லஸ்கர் வரைக்கும் சேதி போகிறதல்லவா, அந்த மாதிரி. வழக்கமாக மேலிருந்து தகவல் வராமல் நடுவில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். தகவல் நின்றதும் அவரும் நிறுத்திக்கொள்வார்.

பி-ராஃப் என்பது அந்த நடுவில் இருப்பவர்களில் ஒருவர். 766 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அதில் 600ஆவது இடத்தில் வேலின் இருக்க வேண்டும். ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அங்கே குளூட்டமேட் வந்து உட்கார்ந்துவிட்டது. வி600இ என்று அறிக்கையில் எழுதியிருப்பதன் பொருள் இவ்வளவுதான். அந்த ஒரு மணி மாறியதால் புரதத்தின் வேகம் சாதாரண நிலையைப் போலச் சுமார் 500 மடங்கு கூடிவிடுகிறது. மேலே ராஸ் தட்டினாலும் தட்டாவிட்டாலும் 'திறந்தாயிற்று, திறந்தாயிற்று' என்று கீழே சொல்லிக்கொண்டே இருக்கிறது. அணை மூடியே இருக்கிறது. கடைமடையில் நாற்றங்கால் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தப் பிறழ்வு 2002-இல் மற்றப் புற்றுநோய்களிலும், 2003-இல் தைராய்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பாப்பிலரி புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இது இருக்கிறது. மிச்சத்தில் பலவற்றில் அதே சங்கிலியில் வேறொரு கண்ணி கெட்டிருக்கும். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு அந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றுநோய்களில் பலவற்றில், ரெட் என்ற ஏற்பியின் மரபணு உடைந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரெட் என்பது நரம்புசார்ந்த செல்களுக்கான வளர்ச்சிக் காரணி ஒன்றின் ஏற்பி. உடைந்து ஒட்டிய பிறகு, அது காரணி எதுவும் வராமலே விழித்துக்கொண்டிருக்கும். ஃபாலிக்குலர் என்ற இன்னொரு வகைத் தைராய்டு புற்றுநோயில் ராஸ் பழுதாவது அதிகம். ஆக, நோயின் பெயர் எதுவானாலும் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் வளர்ச்சிக் காரணியின் செய்தி போகும் இந்தப் பாதைதான். உங்கள் மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னது இதனால்தான்.

ரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மெடுல்லரி என்று வேறொரு தைராய்டு புற்றுநோய் உண்டு. அது கால்சிட்டோனின் சுரக்கும் வேறு வகைச் செல்லில் பிறக்கிறது. அதில் ரெட் பழுது சில குடும்பங்களில் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பிள்ளைக்கு வரும். அப்படிப்பட்ட வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மரபணுச் சோதனை அவசியம். அம்மாவுக்கு வந்தது அதுவல்ல. அவருடைய பி-ராஃப் பிறழ்வு கழுத்தில் அந்த ஒரு செல்லில் நேர்ந்தது, கருமுட்டை வழியாக உங்களுக்கோ உங்கள் தங்கைக்கோ வந்ததில்லை.

ஆய்வகத்தில் நாங்கள் செய்த இன்னொரு வேலை, அந்தச் சாதுவான எலிச் செல்களுக்குள் இப்படிப்பட்ட பழுதான மரபணுவைப் புகுத்துவது. சில வாரங்களில் செல்களின் நடத்தையே மாறிவிடும். டி.எஸ்.எச். இல்லாத தட்டிலும் பிரியும். அதே நேரத்தில் தைரோகுளோபுலின் குறையும், அயோடின் உறிஞ்சும் திறன் மங்கும். யூரியாவைப் பற்றிச் சொன்னேனே, வெளியிலிருந்து யாரும் போடாமலே அந்த நிலைக்குச் செல் தானாகப் போய்விடுகிறது. ஒரு பத்தாயம் தன் கதவை மூடிக்கொண்டு, சுவரை மட்டும் கட்டிக்கொண்டே போவது போல. பல இரவுகள் அந்தத் தட்டுகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். செல் கெட்டுப்போவது என்பது வேகமாக வளர்வது மட்டுமல்ல, தான் யார் என்பதையே மறப்பது.

கட்டி பெருத்த பிறகு அது காரணிகளைத் தானே செய்யவும் தொடங்குகிறது. தானே செய்து, தன் ஏற்பியிலேயே வாங்கிக்கொள்ளும். வி.ஈ.ஜி.எஃப். என்ற காரணியை வெளியே விட்டு, அக்கம்பக்கத்து இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் கிளைக்கச் செய்யும். வாய்க்கால் கரையை வெட்டித் தன் வயலுக்கு மட்டும் தண்ணீர் இழுத்துக்கொள்கிறவரை நாம் பார்த்திருக்கிறோமே, அதேதான். முன்பு அடக்கிவைத்த டி.ஜி.எஃப்-பீட்டாவின் பேச்சும் முற்றிய கட்டியில் எடுபடாமல் போய், சில நேரம் பரவுவதற்கே உதவியாகிவிடுகிறது.

இந்தப் பாதைகளை அடைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. கதிரியக்க அயோடினுக்கு மசியாத நோய்க்கு 2013-இல் அமெரிக்காவில் சோராஃபெனிப், 2015-இல் லென்வாட்டினிப் அனுமதி பெற்றன. லென்வாட்டினிப் வி.ஈ.ஜி.எஃப். ஏற்பிகளோடு வேறு சில வளர்ச்சிக் காரணி ஏற்பிகளையும் அடைக்கிறது. அதன் பெரிய சோதனையில், நோய் முன்னேறாமல் நின்ற இடைநிலைக் காலம், போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 3.6 மாதம், இந்த மருந்து பெற்றவர்களுக்கு 18.3 மாதம். பக்கவிளைவும் உண்டு. வி.ஈ.ஜி.எஃப். நல்ல இரத்தக் குழாய்களுக்கும் தேவை என்பதால், இந்த மருந்தில் பலருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும். மிகக் கொடிய அனாபிளாஸ்டிக் வகையில் பி-ராஃப் பிறழ்வு இருந்தால், பி-ராஃபையும் மெக்கையும் சேர்த்து அடைக்கும் இரட்டை மருந்து 2018-இல் வந்தது. இவையெல்லாம் அம்மாவுக்கு இன்று தேவையில்லாதவை. யாராவது இணையத்தில் பார்த்துவிட்டு ஏன் அந்த மருந்து கொடுக்கவில்லை என்று கேட்டால் மனம் குழம்பாதீர்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். அம்மாவுக்குத் தைராய்டு இல்லை. தைராக்சினை வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் உடம்பு சோர்ந்து, குளிர் தாங்காமல், வீங்கிப்போகும். அது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. இரத்தத்தில் தைராக்சின் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சை அடக்கி அனுப்பும். குறைந்தால் கூட்டி அனுப்பும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எங்கேனும் சில தைராய்டு செல்கள், நல்லவையோ கெட்டவையோ, மிச்சமிருக்கக்கூடும். பாப்பிலரி புற்றுநோய்ச் செல் சுதந்திரம் பெற்றுவிட்டாலும், பெரும்பாலும் டி.எஸ்.எச். ஏற்பியை முழுவதும் இழந்துவிடுவதில்லை. 2011-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், தைராய்டில் பி-ராஃப் வி600இ பழுதை வைத்துவிட்டு டி.எஸ்.எச். ஏற்பியையும் எடுத்துவிட்டபோது கட்டி தோன்றுவது தள்ளிப்போனது. பி-ராஃப் ஓயாமல் கத்தினாலும், பழைய எசமானரின் குரலும் சேரும்போதுதான் நோய் நன்றாக வேர்பிடிக்கிறது. அந்தக் குரலைத் தாழ்த்திவைப்பதுதான் மாத்திரையின் வேலை. தைராக்சின் தைராய்டு செல்லுக்கு உரம் அல்ல, உரத்தை நிறுத்தச் சொல்லிப் பிட்யூட்டரிக்குப் போகும் கடிதம்.

அப்படியானால் நான்கு வாரம் ஏன் நிறுத்தச் சொன்னார்கள்? உங்கள் அம்மாவின் பயம் இங்கிருந்துதான் முளைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் அவர் தவறில்லை, யாராவது விளக்கியிருக்க வேண்டும். கதிரியக்க அயோடின் வேலை செய்ய வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் தைராய்டு செல் அதை வாயைத் திறந்து விழுங்க வேண்டும். அயோடினை உள்ளே இழுக்கும் வாசல் புரதத்தைச் செல்லின் மேற்பரப்பில் நிறைக்கச் சொல்வது டி.எஸ்.எச்.தான். அதனால் மாத்திரையை நிறுத்தி டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே 30க்கு மேலே ஏற்றுகிறார்கள். உப்பிலும் மீனிலும் இருக்கும் அயோடினையும் அந்தச் சில வாரங்களில் தவிர்க்கச் சொல்லிச் செல்களைப் பசியில் வைக்கிறார்கள். பசித்த செல் விஷமுள்ள அயோடினை விழுங்கி அழிகிறது. டி.எஸ்.எச். வேலையையும் வளர்ச்சியையும் சேர்த்துத் தருகிறது என்று சொன்னேன். அந்த நான்கு வாரம் அதன் முதல் குணத்தை நமக்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இப்போது இரண்டாவது குணத்தை அடக்குகிறார்கள். மருத்துவர் முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லவில்லை.

எவ்வளவு அடக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நோய் திரும்பும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு டி.எஸ்.எச். 0.1க்குக் கீழே, நடுத்தரமானவர்களுக்கு 0.1 முதல் 0.5 வரை, ஆபத்து குறைந்தவர்களுக்கு 0.5 முதல் 2 வரை என்று வைப்பது பரவலான வழக்கம். அதிகமாக அடக்குவதிலும் தீங்குண்டு. இதயத்துடிப்பு தாறுமாறாகும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். ஆகவே 'எவ்வளவு அதிகம் சாப்பிட்டாலும் நல்லது' என்று எதிர்ப்பக்கம் போய்விடவும் வேண்டாம். அளவை மருத்துவர் முடிவு செய்வார்.

சாப்பாட்டு விஷயம். வளர்ச்சிக் காரணிகள் புரதங்கள். வாய் வழியாகப் போகும் புரதத்தை வயிறும் குடலும் பருப்பையும் மீனையும் உடைப்பது போலத்தான் உடைக்கும். சர்க்கரை நோய்க்காரர் இன்சுலினைப் பாலில் கலந்து குடிக்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதற்குக் காரணமே அதுதான். பாலில் இருக்கும் சிறிதளவு ஐ.ஜி.எஃப்-1, அம்மாவின் கல்லீரல் தினமும் செய்வதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கறிக்கோழி வேகமாக வளர்வது தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனத்தாலும் தீவனத்தாலும். அறுவைச் சிகிச்சை ஆன உடம்புக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது கொடுமை, திரும்பக் கொடுங்கள். முட்டைக்கோஸ் கூடாது என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது தைராய்டின் வேலையைக் கொஞ்சம் தடுக்கும் என்பதுதான் அதன் மேல் உள்ள புகார். தைராய்டே இல்லாதவருக்கு அது என்ன செய்யப்போகிறது?

உணவு வழியாக வளர்ச்சிக் காரணிகளை உண்மையிலேயே கூட்டுகிற ஒரு பாதை இருக்கிறது. அது உடல் பருமனும், அதனோடு வரும் இன்சுலின் மிகுதியும். தைராய்டு புற்றுநோயைப் பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய்களில் ஒன்றாக உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சேர்த்தது. மூன்று வேளையும் சோறு, வயல் வேலைக்கு இயந்திரம் என்று ஆகிவிட்ட நம் ஊரில், வீட்டார் பாலைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதிலாக இடுப்புச் சுற்றளவைப் பார்த்துப் பயப்படலாம் என்பது என் கருத்து.

உப்பு பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். அயோடின் உப்பினால்தான் இந்த நோய் என்று ஒரு பேச்சு நம் பக்கம் உலவுகிறது. வேதாரண்யம் உப்பளத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்குக் கல்லுப்பின் மேல் பாசம் அதிகம். 1930-இல் ராஜாஜி நடந்துவந்து உப்பு அள்ளிய மண் அது, எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் 2018-19இல் நடந்த தேசிய ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். நாட்டிலேயே கடைசி. அயோடின் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், கழலை வரும், தைராய்டு புற்றுநோய் வரும்போது முரட்டு வகைகளின் பங்கு கூடும். உங்கள் தங்கை கல்லுப்பே வாங்கினாலும், அயோடின் சேர்த்தது என்று உறையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கட்டும்.

பி-ராஃப் என்ற சொல்லைத் தேடி, இரவெல்லாம் பயங்கரமானவற்றைப் படித்திருப்பீர்கள். பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்று தனியாக எந்தத் தீர்ப்பையும் எழுதிவிடாது. கட்டியின் அளவு, உறையைத் தாண்டியதா, நிணநீர்க் கணுக்கள், வயது எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. 55 வயதுக்குக் கீழே, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாத பாப்பிலரி புற்றுநோய் இன்றைய வகைப்பாட்டில் முதல் நிலையிலேயே வைக்கப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் உயிரோடு இருக்கிறார்கள். அம்மாவுக்கு இனி இருப்பது கழுத்து ஸ்கேனும், தைரோகுளோபுலின் இரத்தப் பரிசோதனையும். தைராய்டு செல் இல்லாத உடம்பில் அந்தப் புரதமும் இருக்கக் கூடாது, அதனால்தான் அதை அளக்கிறார்கள்.

மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். நம் பக்கத்தில் இதுதான் கடினம். பால்காரர் வந்ததும் டிகாக்ஷன் இறங்கிவிடும். காபி அந்த மருந்தை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். அறுவைக்குப் பிறகு சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், அதற்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் அப்படியே.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அம்மா இத்தனை வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிட்டார் என்பதை. சொல்லாவிட்டால், ஏறியிருக்கும் டி.எஸ்.எச்.சைப் பார்த்து அவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிவிடுவார். அம்மாவும் இனித் தினமும் சாப்பிடத் தொடங்கியிருப்பார். இரண்டும் சேர்ந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, மாத்திரைதான் கெடுதல் என்று மறுபடி நிறுத்திவிடுவார். பழைய அளவையே ஒழுங்காகத் தினமும் சாப்பிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள். அம்மாவுக்கு டி.எஸ்.எச். எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.